மூன்றாவது இலக்கம்

ஆறு மணிக்கு விலை மாறும்.
ஐந்து ஐம்பதுக்கே மேனேஜர் சதானந்தா
கைப்பேசியைப் பார்த்தபடி வருவார்,
ரிசல்ட் பார்க்கிற தகப்பன் முகத்தோடு.
"இருபத்தேழு பைசா."
சில நாள் முப்பத்தொன்று.
இறங்கியது என்று அவர் சொல்லிக் கேட்ட நாட்களை
ஒரு கை விரல்களில் எண்ணி
மோதிர விரலை மிச்சம் வைக்கலாம்.
மோதிரம் அடகில்.

ஹெண்ணூர் மெயின் ரோடு பங்கில்
நான்காம் நம்பர் மெஷின் என்னுடையது.
"ஜீரோ நோடி சார்."
"ஜீரோ பாருங்கண்ணா."
ஒரு நாளைக்கு முந்நூறு முறை.
யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
ஜீரோவைப் பார்க்கிறார்கள்.
ஒன்றுமில்லாததை
இவ்வளவு கவனமாகப் பார்க்கிற கூட்டத்தைக்
கோயிலில்கூட நான் கண்டதில்லை.

மெஷின் பழசு.
விலைக்கு இரண்டு கட்டம், ஒரு புள்ளி,
பிறகு இரண்டு கட்டம். அவ்வளவுதான்.
மூன்றாவது இலக்கம் ஒன்று வருமென்று
அதைச் செய்தவனுக்குத் தோன்றவில்லை.
தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றாறு வரைக்கும்
எனக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
மெஷின் காட்டியது: 00.34.
முதல் ஆள் பால்காரர் சித்தலிங்கப்பா,
எக்ஸெல் வண்டி, இரண்டு பக்கமும் கேன்.
அவர் விலையைப் பார்த்தார்.
பிறகு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக,
என்னைப் பார்த்தார்.
"முப்பத்துநாலு பைசாவா?"
"மெஷினுக்கு நூறு எழுதத் தெரியலைங்க."
அவர் சிரித்ததில் கேன் மூடிகள் கிலுகிலுத்தன.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
அரை லிட்டர் பாக்கெட்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று
என்னிடமே கணக்குக் கேட்டார்.

பீண்யாவிலிருந்து மெக்கானிக் வந்தான்.
வயிற்றைத் திறந்தான், பலகையை மாற்றினான்,
மத்தியானத்துக்குள்
நூறு உட்கார ஒரு கட்டம் ஆயிற்று.
என் சம்பளச் சீட்டில்
கட்டங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.
எழுதத்தான் ஆளில்லை.

எதிர்க்கடை டீ பத்திலிருந்து பன்னிரண்டு.
சில்லறைக்குப் பதில் ஒரு புளிப்பு மிட்டாய்.
பையில் எட்டு மிட்டாய் சேர்ந்துவிட்டது,
யாரும் திருப்பி வாங்குவதில்லை.

"ஃபுல் டேங்க்" என்றது ஒரு கார்.
அதன் ரேடியோவில் ஒருவர் பொறுமையாகப் பேசினார்.
சீர்திருத்தம் என்றார்.
அரசு விலையைக் கையில் பிடித்திருந்ததாம்,
சந்தையிடம் விட்டுவிட்டதாம்,
இனி அது தன் காலில் நிற்குமாம்.
எட்டு மணி நேரம் தன் காலில் நிற்பதைப் பற்றி
அவரைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும்.
ஆனாலும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.
வாங்கினதற்குக் குறைத்து விற்றால் கடை மூழ்கும்,
அக்கா பூக்கடையே அப்படித்தான் மூழ்கியது.
ஒன்று மட்டும் பிடிபடவில்லை.
கம்மனஹள்ளிச் சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறினால்
பேரம் பேசுவேன், திட்டுவேன்,
வாங்காமல் நடந்து காட்டுவேன், பின்னாலேயே கூப்பிடுவாள்.
இவர்கள் சொல்கிற சந்தை எந்தப் பக்கம்?
அங்கே யாரைப் பார்த்துத் திட்டுவது?

சாயங்காலம் லோஹித் வருவான்.
முதுகில் சோற்றுப்பெட்டி, ஹாசன் கன்னடம்.
அன்றும் நூறு, இன்றும் நூறு ரூபாய்க்குத்தான் போடுகிறான்.
மேம்பாலத்து உச்சியில் இஞ்சினை அணைத்து விடுகிறான்.
யாருடைய பிரியாணியோ
சத்தமில்லாமல் சரிவில் இறங்குகிறது.

அவன் டேங்க் நிறைகிற நேரம்தான் எங்கள் பேச்சு.
முன்பு அதற்குள் ஒரு கதை முழுசாக முடியும்:
லிஃப்ட் இல்லாத ஏழாம் மாடி,
கதவைத் திறக்காமலே திட்டின வீடு,
மழையில் ஒரு துண்டு நீட்டின கிழவர்.
இப்போது பாதியில் எண் நின்றுவிடுகிறது.
நேற்று, "ஒரு அம்மா கதவைத் திறந்து..." என்றான்.
டக்.
நூறு.
பின்னால் ஹாரன்.

இன்று பிடியை மெதுவாக அழுத்தப் போகிறேன்,
பைசா பைசாவாக.
"ஜீரோ நோடு" என்பேன், வழக்கம்போல.
அவன் அதைப் பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும்.
எனக்கு அந்த அம்மா
என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டும்.